சைக்ளோபாம், ட்ரோட்டின், புஸ்கோபான், கொலோஸ்பா: வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலிக்கு எது?

"டாக்டர் போன வருஷம் சைக்ளோபாம் எழுதினார். இந்தத் தடவை ட்ரோட்டின் எழுதியிருக்கிறார். நாத்தனார் மெஃப்டால்தான் நல்லது என்கிறாள். எல்லாம் வயிற்றுவலிக்குத்தானே, எது நல்ல மாத்திரை?" மருந்துக்கடை கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்குப் பழகிப்போன கேள்வி இது. கேட்கிறவர்கள் எதிர்பார்ப்பது ஒரு பெயர். நான் திருப்பிக் கேட்பதோ இரண்டு கேள்வி: வலி எங்கே இருக்கிறது? உங்களுக்கு வேறு என்ன வியாதி இருக்கிறது?

குடல், பித்தக் குழாய், சிறுநீர்க் குழாய், கருப்பை எல்லாவற்றின் சுவரிலும் இருப்பது நம் சொல்பேச்சு கேட்காத மென்தசை. அது இறுகிப் பிடித்துக்கொண்டால் அலை அலையாக வலி வரும். அதைத் தளர்த்துவதுதான் இந்த மாத்திரைகள் அத்தனைக்கும் வேலை. எந்த வழியில் போய்த் தளர்த்துகிறது என்பதில்தான் வித்தியாசம். பக்கவிளைவு, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அந்த வழியைப் பொறுத்தே அமைகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் வலியின் இடம். தொப்புளைச் சுற்றியா, அடிவயிறா, வலது விலாவுக்குக் கீழா? அடுத்து, வலியின் போக்கு. இன்றைக்கு மட்டும் வந்த வலியா, மாதக்கணக்கில் வந்து வந்து போகிறதா? மூன்றாவது, மருந்து வயிற்றைத் தவிர உடம்பில் வேறு எங்கெல்லாம் கை வைக்கிறது. நான்காவது, மாத்திரைக்குள் கூட்டாளி யாராவது இருக்கிறாரா. ஐந்தாவது செலவு.

நான்காவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நம் ஊரில் விற்கிற வயிற்றுவலி மாத்திரைகளில் பாதிக்கு மேல் தனி மருந்தே இல்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பாராசிட்டமால், மெஃபெனமிக் அமிலம், சில சமயம் மயக்கம் தரும் மருந்துகூட உள்ளே இருக்கும். அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் பிராண்டு பெயர் பளபளக்கும். உள்ளே என்ன, எத்தனை மி.கி. என்பது பின்பக்கம் பொடி எழுத்தில், அதுவும் மாத்திரையைப் பிதுக்கி எடுக்கும்போது முதலில் கிழிகிற இடத்தில் இருக்கும்.

| மருந்து | எதற்குப் பொருத்தம் | யார் யோசிக்க வேண்டும் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| டைசைக்ளோமின் | குடல் முறுக்கு வலி, ஐ.பி.எஸ். (மாதக்கணக்கில் வந்துபோகும் குடல் எரிச்சல் நோய்) | ப்ராஸ்டேட் வீக்கம், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள், முதியவர்கள், கைக்குழந்தைகள் | வாய் வறட்சி, மங்கல் பார்வை, மலச்சிக்கல் |
| ஹையோசின் பியூட்டைல்புரோமைடு | குடல் வலி. ஊசியாகப் பித்தக் குழாய், சிறுநீர்க் குழாய் வலிக்கும் | ப்ராஸ்டேட், கிளாக்கோமா. ஊசி என்றால் இதய நோயாளிகள் | மாத்திரை உடம்பில் ஏறுவது மிகக் குறைவு |
| ட்ரோட்டாவெரின் | பித்தக் குழாய், சிறுநீர்க் குழாய், குடல் | குறைந்த பி.பி., இதயச் செயலிழப்பு, கடுமையான ஈரல், சிறுநீரக நோய் | தலைசுற்றல் |
| மெபெவெரின் | மாதக்கணக்கில் தொல்லை தரும் ஐ.பி.எஸ். | உடனடி நிவாரணம் தேடுகிறவர்கள் | வாரக்கணக்கில் வாங்க வேண்டும், விலை கூடுதல் |

## டைசைக்ளோமின்

சைக்ளோபாமின் உள்ளே இருக்கும் மருந்து. அரசு மருத்துவமனை ஓ.பி.யிலிருந்து தெருமுனை கிளினிக் வரை எங்கும் இருப்பது இதுதான். விலை மலிவு, வேலையும் சீக்கிரம். குடல் தசையைச் சுருங்கச் சொல்லும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை மறிக்கிறது. கூடவே தசையை நேரடியாகவும் கொஞ்சம் தளர்த்துகிறது.

தொல்லை என்னவென்றால் அசெட்டைல்கோலின் குடலோடு நிற்கிற ஆள் இல்லை. உமிழ்நீர், வியர்வை, கண்பாவை, சிறுநீர்ப்பை, இதயத் துடிப்பு, ஞாபகம் என்று எல்லா இடத்திலும் அதற்கு வேலை உண்டு. குடலில் அதை மறித்தால் மற்ற இடங்களிலும் கொஞ்சம் மறிபடும். வாய் காய்வது, பேப்பர் படிக்கும்போது எழுத்து கலங்குவது, மலம் இறுகுவது எல்லாம் அதனால்தான். இளைஞருக்கு இது பெரிய விஷயமில்லை. ப்ராஸ்டேட் வீங்கிய எழுபது வயதுக்காரருக்கு ராத்திரி சிறுநீரே வராமல் அடைத்துக்கொண்டால் ட்யூப் போட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். வயதானவர்களுக்குக் குழப்பமும் தடுமாற்றமும் வரலாம் என்பதால், அமெரிக்க முதியோர் மருத்துவர்களின் பீயர்ஸ் பட்டியலில் இது தவிர்க்க வேண்டிய மருந்துகளில் ஒன்று. அவர்கள் ஏற்கெனவே சளிக்கும் அரிப்புக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரையோ, தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலினோ போட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து இழுக்கும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. வியர்வை குறைந்தால் உடம்புச் சூடு வெளியேற வழி குறையும். கத்திரி வெயிலில் கட்டட வேலைக்கோ வயல் வேலைக்கோ போகிறவர் வேளை தவறாமல் டைசைக்ளோமின் போட்டால் வெப்பத் தாக்குக்கு இடம் கொடுத்த மாதிரி. மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் குறிப்பில் ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் இது பலன் தந்ததாகச் சொல்லப்படுவது ஒரு நாளைக்கு 160 மி.கி. அளவில். மருந்து எடுத்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு நிவாரணம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தந்த, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு! வயிறும் மனமும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு அந்த 55 போதும். அந்த அளவில் பத்தில் ஆறு பேருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவும் வந்திருக்கிறது. நம் கடைகளில் கிடைப்பது 10 அல்லது 20 மி.கி. மாத்திரை. நாளுக்கு இரண்டு மூன்று போட்டாலும் அந்த உயரத்துக்குப் போவதில்லை. அதனால் பக்கவிளைவு குறைவு, நாள்பட்ட ஐ.பி.எஸ்.ஸில் பலனும் அந்த மட்டுக்குத்தான் எதிர்பார்க்க முடியும்.

கைக்குழந்தை அழுகிறது என்று பழைய சொட்டு மருந்தைத் தேடி எடுப்பவர்களுக்கு: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டைசைக்ளோமின் கொடுக்கவே கூடாது. மூச்சுத் திணறல் வந்ததாகப் பதிவுகள் உண்டு.

எப்போது நல்லது? கண்டதைச் சாப்பிட்டு வயிற்றை முறுக்கும் ஒரு நாள் வலிக்கு, வேறு வியாதி இல்லாத நடுவயதுக்காரருக்கு, ஒன்றிரண்டு வேளைக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ஐ.பி.எஸ். வலி வருகிறது என்றால் சாப்பிடுவதற்கு முன்பாகப் போடச் சொல்வார்கள். நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உணவுக்குழாயின் அடி வால்வை இது இன்னும் தளர்த்திவிடும்.

## ஹையோசின் பியூட்டைல்புரோமைடு

புஸ்கோபான் என்ற பெயரில் 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மூலப்பொருள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டுபோய்சியா என்ற செடியின் இலை. இதுவும் அசெட்டைல்கோலினை மறிக்கிற ரகம்தான். ஆனால் மூலக்கூறின் அமைப்பு காரணமாக மூளைக்குள் நுழைவதில்லை. அதனால் டைசைக்ளோமின் தரும் மந்தமும் குழப்பமும் இதில் அபூர்வம்.

மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் ஏறுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. குடல் சுவரிலேயே தங்கி அங்கேயே வேலை பார்க்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். குடல் வலிக்கு அது வசதிதான். பித்தக் குழாய்க்கும் சிறுநீர்க் குழாய்க்கும் மருந்து ரத்தம் வழியாகப் போயாக வேண்டும், அதனால்தான் அங்கே ஊசியாகப் போடுகிறார்கள். பித்தப்பை வலிக்கு புஸ்கோபான் மாத்திரை கேட்டு வருகிறவரிடம் நான் இதைச் சொல்லத் தவறுவதில்லை.

ஊசிக்குத் தனி விலை உண்டு. இதயத் துடிப்பை ஏற்றிவிடும். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஊசி போட்டு உயிரிழப்பு நேர்ந்த பதிவுகளை அடுத்து, பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரிக்கை விடுத்தது. ஊசி போடுமுன் "எனக்கு ஹார்ட் பிரச்சினை இருக்கிறது" என்று சொல்லிவிடுவது நோயாளியின் வேலை. கூட்டத்தில் டூட்டி டாக்டருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

## ட்ரோட்டாவெரின்

ஹங்கேரியில் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய மருந்து. நோ-ஷ்பா என்ற பெயரில் ரஷ்யாவில் வீட்டுக்கு வீடு இருக்கும். இந்தியாவில் ட்ரோட்டின் உட்படப் பல பெயர்களில் கிடைக்கிறது. அமெரிக்கக் கடைகளில் கிடைக்காது.

இது அசெட்டைல்கோலின் வழிக்கே போவதில்லை. தசைக்குள் இருக்கும் ஒரு நொதியைத் தடுத்து, தசை தானாகத் தளரச் செய்கிறது. ஆகவே வாய் காய்வது, சிறுநீர் அடைப்பது, கண் அழுத்தம் ஏறுவது போன்ற தொல்லைகள் பெரிதாக இல்லை. ப்ராஸ்டேட் உள்ள தாத்தாவுக்கு வயிறு முறுக்குகிறது என்றால், டாக்டரிடம் கேட்டு, டைசைக்ளோமினுக்கு முன்னால் இதை நினைப்பது நியாயம்.

இந்த வழியிலும் முள் இருக்கிறது. ரத்தக் குழாயின் சுவரிலும் இதே மென்தசைதான். அதையும் தளர்த்துவதால் பி.பி. இறங்கித் தலை சுற்றலாம். ஏற்கெனவே பி.பி. மாத்திரை போடுகிறவர் படுக்கையிலிருந்து மெதுவாக எழ வேண்டும். நடுக்குவாதத்துக்கு லெவோடோபா எடுக்கிறவருக்கு அதன் பலனைக் குறைத்து நடுக்கத்தைக் கூட்டலாம். இதயம், ஈரல், சிறுநீரகம் மூன்றில் ஒன்று மோசமாகப் பழுதுபட்டவருக்கு ஆகாது. வழக்கமான அளவு 40 அல்லது 80 மி.கி.

## பித்தப்பைக் கல்லுக்கு இவை போதுமா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன், குழப்பம் அதிகம் இங்கேதான்.

பித்தப்பை வலிக்கு அடையாளம் உண்டு. பிரியாணி, பரோட்டா போன்ற எண்ணெய்ச் சாப்பாட்டுக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், வலது விலாவுக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் ஏறி நிற்கும். வலது தோள்பட்டை எலும்பு வரை போகும். அரை மணியிலிருந்து சில மணி நேரம் விடாமல் வலித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் அடங்கும். கவுண்டரில் "கேஸ் மாத்திரை" கேட்பவர் முதுகுப் பக்கம் கையை வளைத்து வலது தோள்பட்டைக்குக் கீழே தொட்டுக் காட்டினால், நான் மாத்திரை எடுப்பதை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்பேன்.

ட்ரோட்டாவெரின் இங்கே பயன்படுகிறது, டாக்டர்களும் எழுதுகிறார்கள். ஆனால் வலியை அடக்குவதில் டைக்ளோஃபினாக் போன்ற வீக்கம் குறைக்கும் வலி மருந்துகள் தசை தளர்த்திகளை விட ஒரு படி மேலே. 2016இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து இதைத்தான் சொன்னது. பித்தப்பை வலி வெறும் தசைப் பிடிப்பு மட்டும் இல்லை. கல் வாயில் அடைத்து, பை உப்பி, சுவர் வீங்கத் தொடங்குகிறது. வீக்கத்தைத் தசை தளர்த்தி தொடுவதே இல்லை. அல்சரோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவருக்கு டைக்ளோஃபினாக் ஆகாது. அப்போது தசை தளர்த்திக்கு மதிப்பு கூடுகிறது, கூடவே பாராசிட்டமால்.

இரண்டில் எதுவும் கல்லைக் கரைக்காது. வலி வருகிற கல் மறுபடி வலி தரும். மாத்திரையின் மறைந்த செலவு இங்கேதான் பெரியது: ஆறு மாதம் ட்ரோட்டின் போட்டு ஓட்டிவிட்டு, கல் பித்தக் குழாய்க்குள் இறங்கி மஞ்சள் காமாலையோடு வந்தால், எளிதான லேப்ராஸ்கோப்பி அறுவையோடு முடிய வேண்டிய இடத்தில் எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லெடுத்து அப்புறம் அறுவை என்று இரட்டை வேலையாகும். வலியே தராமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல் வேறு கதை. அதைப் பெரும்பாலும் சும்மா விட்டுவிடச் சொல்வார்கள், அதற்கு இந்த மாத்திரைகளும் தேவையில்லை.

பித்தப்பையை எடுத்த பிறகும் அதே இடத்தில் வலிக்கிறது என்பவர்கள் உண்டு. குழாயில் கல் மிஞ்சியிருக்கிறதா என்று ஈரல் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்த பிறகுதான் மாத்திரை பற்றிப் பேச வேண்டும்.

## மெபெவெரின்

கொலோஸ்பா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது. 135 மி.கி. என்றால் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்பு. 200 மி.கி. மெதுவாகக் கரையும் ரகம் என்றால் இரண்டு வேளை, உடைக்காமல் மெல்லாமல். குடல் தசையை நேராகத் தளர்த்துகிறது, வாய் காய்வதில்லை, மந்தமில்லை. முதியவர்களுக்கு ஒத்துப்போகும்.

குறை என்ன? ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புகிற வலிக்கு இது உதவாது. சில நாளாவது விடாமல் போட்டால்தான் தெரியும். விலையும் டைசைக்ளோமினை விடக் கூடுதல், அதை வாரக்கணக்கில் பெருக்கிப் பார்க்க வேண்டும். வெறும் மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் காட்டியதும் இல்லை. ஆனாலும் தொந்தரவு குறைவு என்பதால் டாக்டர்கள் இதை விடுவதில்லை, எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. நான்கு வாரம் போட்டும் வலி அப்படியே இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் திரும்பிப் போங்கள். வருஷக்கணக்கில் பழக்கத்துக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஐ.பி.எஸ். விஷயத்தில் நிபுணர்களே ஒரே பக்கம் இல்லை. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜி 2021இல், தங்கள் நாட்டில் கிடைக்கும் தசை தளர்த்திகளை ஐ.பி.எஸ்.ஸுக்குப் பரிந்துரைக்கவில்லை, பெப்பர்மின்ட் எண்ணெயை மட்டும் ஏற்றது. அடுத்த ஆண்டே அங்குள்ள இன்னொரு அமைப்பு தசை தளர்த்திகளைப் பயன்படுத்தலாம் என்றது. பெப்பர்மின்ட் எண்ணெய் என்பது குடலில் போய்க் கரையும் கேப்சூல். சட்னி அரைக்கிற புதினாவை வைத்து அதைக் கணக்குப் போட முடியாது. மென்றாலோ ஜெலுசில் மாதிரி அமில முறியோடு சேர்த்துப் போட்டாலோ வயிற்றிலேயே உடைந்து நெஞ்செரிச்சல் தரும்.

## கூட்டு மாத்திரைகள்

சைக்ளோபாமில் 20 மி.கி. டைசைக்ளோமினோடு 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது. காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தவர் சைக்ளோபாமும் டோலோ 650உம் மாற்றி மாற்றிப் போட்டால், பாராசிட்டமால் கணக்கு அவருக்குத் தெரியாமலே ஏறும். பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராம் உச்ச வரம்பு, குடிப்பழக்கம் இருந்தால் அதற்கும் கீழே.

மெஃப்டால் ஸ்பாஸில் 250 மி.கி. மெஃபெனமிக் அமிலமும் 10 மி.கி. டைசைக்ளோமினும். மாதவிடாய் வலிக்கு இந்தக் கூட்டணி பொருத்தம், கருப்பை வலிக்குக் காரணமான பொருளை மெஃபெனமிக் அமிலம் குறைக்கிறது. ஆனால் அந்தப் பழக்கத்தில் வீட்டில் எல்லாருக்கும் வயிற்றுவலி மாத்திரையாக அது மாறிவிடுவதுதான் வம்பு. அல்சர் வலிக்கு மெஃப்டால் போட்டால் அல்சரைக் கிளறுகிற வேலை. ஆஸ்துமா உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், 20 வாரம் தாண்டிய கர்ப்பிணிகள் விலக வேண்டும். இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில், மெஃபெனமிக் அமிலத்தால் காய்ச்சல், தோல் தடிப்போடு உள்ளுறுப்புகளையும் தாக்கும் அபூர்வமான ஒவ்வாமை வரலாம் என்று எச்சரித்தது. ட்ரோட்டின் எம் அட்டையிலும் இதே மெஃபெனமிக் அமிலம் இருக்கிறது. வெறும் ட்ரோட்டினும் ட்ரோட்டின் எம்மும் ஒன்றல்ல.

நார்மாக்ஸின் எனக்கு அதிகம் உறுத்துவது. டைசைக்ளோமின், அதே திசையில் வேலை செய்யும் கிளிடினியம், இவற்றோடு குளோர்டயாசிபாக்சைடு. கடைசியானது பதற்றம் தணிக்கும் மருந்து, தூக்கம் வரும், தொடர்ந்து போட்டால் பழகிவிடும். பரீட்சை, கல்யாண வேலை, ஆபீஸ் டென்ஷன் என்று வயிறு கலங்குகிறவருக்கு டாக்டர் சில நாளுக்கு எழுதினால் அதில் நியாயம் உண்டு. அட்டையைக் காட்டி மாதாமாதம் வாங்குகிறவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போய், படபடப்பு வந்து, "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் முடியவில்லை" என்பார். பைக் ஓட்டுகிறவர்களும் இரவில் தனியாக எழுந்து நடக்கும் முதியவர்களும் இதை விட்டுத் தள்ளியே இருப்பது நல்லது.

## சரி, யாருக்கு எது?

வேறு வியாதி இல்லாதவருக்குத் திடீர் குடல் முறுக்கு வலி என்றால் டைசைக்ளோமின், ஒன்றிரண்டு வேளை. ப்ராஸ்டேட், கிளாக்கோமா இருந்தால் ட்ரோட்டாவெரின். பித்தப்பை என்று ஸ்கேனில் உறுதியானால் டாக்டர் தரும் வலி மருந்து, அதோடு ட்ரோட்டாவெரின், கூடவே அறுவைக்கு ஒரு தேதி. மாதக்கணக்கில் மலம் கழிப்பதோடு சேர்ந்து வந்துபோகும் வலி என்றால் மெபெவெரின், சாப்பாட்டு மாற்றம், தேவைப்பட்டால் இசப்கோல். பதற்றம் தூக்கலாக இருந்தால் அந்தப் பதற்றத்துக்கே வைத்தியம் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. தனி மருந்தாகக் கிடைக்கும்போது கூட்டு மாத்திரை வேண்டாம் என்று கேட்டு வாங்கலாம். ஜன் அவுஷதி கடைகளிலும் முதல்வர் மருந்தகங்களிலும் மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லிக் கேட்டால் செலவு குறையும்.

எந்த மாத்திரையும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி என்கிற சமயங்களும் இருக்கின்றன. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றில் போய் உட்காரும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம், தசை தளர்த்தி அதன் அறிகுறிகளை மூடிவிடும். வலியோடு காய்ச்சல், மஞ்சள் கண், வயிறு பலகையாக இறுகுவது, வாந்தி நிற்காமல் மலமும் காற்றும் போகாமல் இருப்பது, கறுப்பு மலம், மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்று வலி, இவை எல்லாம் அதே வரிசை. நாற்பதைத் தாண்டிய, குறிப்பாக சுகர் உள்ள ஒருவர் நெஞ்சுக்குழியைத் தடவிக்கொண்டு, வியர்க்க வியர்க்க "வாயுப் பிடிப்பு, ஒரு மாத்திரை கொடுங்கள்" என்றால் நான் கொடுக்க மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பக்கத்து கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு வரச் சொல்வேன்.